அந்தரத்தில் ஒரு மிதி

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பளங்கள் தொடங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் பவளம் அபார்ட்மென்ட் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது, அதற்கு இரண்டு பிளாக், நான்கு மாடி, முப்பத்திரண்டு வீடு, அந்த முப்பத்திரண்டில் ஒரு வீட்டில் அந்தரத்தில் கால் ஊன்றி இரண்டாவது முறை குதிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அது நான் இல்லை.

அவள் பெயர் பிரகாசி. ஏ பிளாக் முதல் மாடியில் என் வீட்டுக்கு எதிர் வீடு. எங்கள் இரண்டு பேருக்கும் எழுபத்தொரு வயது, அவள் எனக்கு ஆறு நாள் மூத்தவள், அந்த ஆறு நாளை அவள் ஒருபோதும் மறந்ததில்லை. நான் பாளையங்கோட்டையில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊராருடைய குரலை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவள், எவர் குரலிலும் எங்கே பொய் தொடங்குகிறது என்று எனக்குக் கேட்கும். பிரகாசி எட்டாம் வகுப்போடு இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போனவள், பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே உரிப்பாள், முப்பது வருஷம் உரித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே அவள் குரலில் கேட்பதற்கு எனக்கு எதுவும் இருந்ததில்லை, பத்தொன்பது வருஷமாக அவளை எனக்குப் பிடித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் என் இடது கை மரத்துப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு செரின் என்ற பிசியோதெரபிப் பெண் வாரம் மூன்று நாள் வந்து ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னாள், ஒரு மாதம் அமுக்கினேன், பந்தும் சலித்துக்கொண்டது நானும் சலித்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் தன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியையும் ஜாய்ஸ்டிக்கையும் கொண்டுவந்து டிவியில் செருகி, "அம்மா, இத ஆடுங்க, ரெண்டு கட்டைவிரலும் சேந்து வேல செய்யணும், செய்யலன்னா பான ஒடஞ்சிரும்," என்றாள்.

ஒரு கிணறு. கிணற்றின் அடியில் ஒரு கலயம், கலயத்துக்கு இரண்டு குச்சிக் கால். கிணற்றுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கின பன்னிரண்டு உறை, உறைக்கு உறை வேறு கல், வேறு இருட்டு, வேறு ஆபத்து. கலயம் கல்லுக்குக் கல் தாவி மேலே ஏறிக் கிணற்று வாய் வழியாக வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் குதிக்கும். ஏறுவது முடிந்து இறங்குவது தொடங்காத இமைப்பொழுதில் அதே பொத்தானை மறுபடி அழுத்தினால், ஒன்றுமில்லாத காற்றை மிதித்து இன்னொரு முறை குதிக்கும். ஓர் இமை பிந்தினால் விழும், டப் என்று உடையும், திரையின் மூலையில் ஓர் எண் ஒன்று கூடும், அந்த மூச்சிலேயே புதுக் கலயம் ஒன்று கடைசியாக ஏற்றின விளக்கடியில் நிற்கும். எங்கோ ஒரு குளிர்தேசத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வேறு ஆள் இல்லாமல், ஆறு வருஷமாக இதைச் செய்தார்கள் என்று செரின் சொன்னாள். அவர்கள் கலயத்தை எங்கே பார்த்தார்களோ தெரியாது, ஆனால் குதிக்கும்போது அதன் வாயில் தண்ணீர் தளும்புகிற சத்தம் அசலாக இருந்தது.

நான் அதில் விழுந்தேன். படித்த புத்தகங்களிடமும் வாழ்ந்த மனிதர்களிடமும் எனக்குக் கிடைக்காத ஒன்று அந்த விளையாட்டிடம் கிடைத்தது, அது என்னிடம் இரக்கப்படவில்லை. வயதுக்கென்று ஒரு கல்லைக்கூட அருகில் நகர்த்தி வைக்கவில்லை. விழுந்தால் அது என் விரலின் குற்றம், ஏறினால் அது என் விரலின் பெருமை, இடையில் விதி என்று சொல்லிக்கொள்ள இடமே இல்லை. மூன்றாவது உறையைத் தாண்ட முடியாமல் பதினோரு நாள் கிடந்தேன். பன்னிரண்டாம் நாள் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் கேட்டேன், ஒரு குறுங்குதி, ஒரு நெடுங்குதி, ஓர் இரட்டைக் குதி, மறுபடி குறுங்குதி. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அழுத்தினேன், கலயம் ஏறிவிட்டது. கல்லூரியில் மனப்பாடம் செய்த யாப்பு ஐம்பது வருஷம் கழித்து முதல்முறையாக ஒரு வேலைக்கு ஆயிற்று. அன்று மூலையில் இருந்த எண் ஆயிரத்து இருநூற்று நான்கு, அந்த எண்ணைப் பார்த்து நான் வெட்கப்படவில்லை, அத்தனை முறை விழுந்து எழுந்தவள் இந்தத் தெருவில் வேறு யார்.

பிரகாசி தினமும் ஐந்து மணிக்கு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பாள். "பானைக்குக் காலு எதுக்குட்டி, இடுப்புல எடுத்துட்டுப் போனா ஆவாதா," என்பாள். மூன்று வருஷம் இப்படிப் பார்த்தாள். போன சித்திரையில் ஒரு நாள், மருமகள் குழம்பில் புளியை எப்படிக் கொட்டினாள் என்று சொல்லிக்கொண்டே, "அந்த ரிமோட்டக் குடு," என்று கையை நீட்டினாள். வாங்கினாள். புளிக் கதை முடிவதற்குள் மூன்றாவது உறையைத் தாண்டிவிட்டாள். நான்கு கலயம் உடைந்திருந்தது.

"நல்லா ஆடுதியே," என்றேன். என் குரல் எனக்கே தொலைபேசியில் வருவது போலக் கேட்டது.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை அவளுடைய துண்டு காற்றில் பறந்து முதல் மாடி ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சன்ஷேடில் போய்க் கிடந்தது. அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள், சேலையை இடுப்பில் செருகினாள், குதித்தாள். முதல் குதி எழுபத்தொரு வயதுக்காரியின் குதி, ஒரு சாண் கூட இருக்காது. ஆனால் அந்தச் சாண் உயரத்தில், ஏறுவது முடிந்து இறங்குவது தொடங்காத இடத்தில், அவள் வலது காலால் காற்றை மிதித்தாள், மிதித்து மறுபடி குதித்தாள், அந்த இரண்டாவது குதி ஒரு மாடி உயரம். சன்ஷேடில் நின்று துண்டை உதறி மடித்தாள். இறங்கும்போதும் அதேபோலத் தரைக்கு ஒரு முழம் மேலே காற்றை ஒரு மிதி மிதித்து, பூ உதிர்வது போல வந்து நின்றாள். இரண்டாவது மாடி ஹேமலதா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துவிட்டு, "பெரியம்மா, எங்க தலகாணி உறையும் அங்கனதான் கெடக்கு, அதையும் எடுத்துருங்களேன்," என்றாள்.

அன்று முழுவதும் ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். மறுநாளிலிருந்து வேலை சொன்னார்கள். கொடியிலிருந்து பறந்த ரவிக்கைகள், ஏசிப் பெட்டிக்குப் பின்னால் புறா கட்டின கூடு, மூன்றாவது மாடி ஜன்னலோரக் குளவி, தண்ணீர்த் தொட்டியின் மிதவை என்று முப்பத்திரண்டு வீட்டுக்கும் மேலே எட்டாமல் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, இத்தனை நாள் அவை எல்லாம் எங்கே இருந்தன என்று தெரியவில்லை. டாக்டர் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்து உப்பைக் குறைக்கச் சொன்னார், குதிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பங்குச் சாமியார் கோயிலுக்குள் குதிக்க வேண்டாம், வெளியே கொடிமரத்துக் கயிறு சிக்கினால் மட்டும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். நான்காவது மாடியில் ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் சார்லஸ் கோவணத்தோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது பிரகாசி அவருக்கு நேராக எழும்பி வந்துவிட்டாள், அதில் ஒரு புகார் ஆயிற்று, சங்கத்தைக் கூட்டினார்கள். சங்கச் செயலாளர் ஞானதுரை மூன்று மணி நேரம் பேசவிட்டு முடிவாக, செவ்வாய், வெள்ளி காலை பத்திலிருந்து பதினொன்று வரை மட்டும் மேலே ஏறுவது என்றும், ஒவ்வொரு முறை எழும்புவதற்கு முன்னால் உரக்கச் சத்தம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அதன் பிறகு செவ்வாய், வெள்ளியில், "வாரேன்", "வாரேன்" என்று அவள் குரல் மாடி மாடியாக ஏறுவது என் அடுப்படிக்குள் கேட்கும், ஒவ்வொரு குரலுக்கும் ஏதோ ஒரு ஜன்னலில் யாரோ சிரிப்பார்கள், நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவேன்.

ஒரு டிவிச் சேனலிலிருந்துகூட வந்தார்கள். குதிக்கச் சொன்னார்கள், குதித்தாள். எப்படி வந்தது என்று கேட்டார்கள். "எல்லாம் எங்க உலகு வீட்டு டிவியில பாத்ததுதான்," என்று என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். உலகம்மாள் என்கிற என் பெயரை அவள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். அந்தப் பையன்கள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் என்னை விட்டுவிட்டுப் பேசியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஒரு மத்தியானம் எல்லோரும் தூங்கின நேரத்தில் மொட்டை மாடிக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றேன். தேமா என்று குதித்தேன், உச்சியில் காலை உதறினேன், தரைக்கு வந்தேன். பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் முதல் குதி இருந்தது. கணக்கெல்லாம் சரியாக இருந்தது, அந்த இமைப்பொழுது என் காதில் தெளிவாகக் கேட்டது, காற்றுக்கு மட்டும் என் காலைத் தெரியவில்லை. மறுநாள் செரின் இடுப்பு ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டாள். கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

ஏறும்போது கலயத்துக்கு என்ன சட்டமோ அதுவே பிரகாசிக்கும் சட்டம் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். மூன்றாவது மிதி கிடையாது, எங்காவது கால் பட்டால்தான் மறுபடி இரண்டு குதி, அவளுக்கும் அப்படியே. ஐந்தாவது உறையில் ஆடுகிற கல்லில் நின்று எழும்பினால் இரண்டாவது குதி வராது. அன்றே அவளைக் கூப்பிட்டு, பெயர்ந்து கிடக்கிற ஓட்டில் நின்று குதிக்காதே என்றேன், குடியிருப்பின் பொது மாவாட்டும் அறைக் கூரையில் ஆடுகிற ஓடு ஒன்றின் மேல் அவள் நின்று குதித்துப் பார்த்தாள், வரவில்லை. பிறகு எல்லோரிடமும், "உலகு மேல போயிப் பாத்துட்டுச் சொன்னாத்தான் நான் காலத் தூக்குவேன், அவ எனக்கு முன்ன போறா," என்றாள். அது எனக்கு ஒரு உத்தியோகம் போல இருந்தது. குதி அவளுடையது, முன்னால் போகிற பாதை என்னுடையது, அந்த அளவுக்காவது ஒரு பங்கு.

சரஸ்வதி பூஜை அன்று காலை ஏழாவது உறைக்குள் நுழைந்தேன். அங்கே மழை பெய்தது. கிணற்று வாயிலிருந்து நூல் நூலாக இறங்கி, என் கலயத்தின் வாய்க்குள் விழுந்து, கழுத்து வரை நிரம்பியது. குதித்தேன். உச்சியில் மறுபடி அழுத்தினேன். பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது, குதி இல்லை. டப். இருபது முறை, நாற்பது முறை, அன்று மட்டும் நூற்றுப்பத்து முறை. மழையில் இரண்டாவது குதி கிடையாது.

ஐந்து மணிக்கு அவள் சுண்டல் கிண்ணத்தோடு வந்தபோது நான் ஆறாவது உறையைத் திறந்து வைத்திருந்தேன்.

அன்று ஏன் சொல்லவில்லை என்று பல முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். முதலில் தாண்டிவிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அது வேறாகிவிட்டது. அவள் விழ வேண்டும் என்று நினைத்தேன். உயிருக்கு ஒன்றும் ஆக வேண்டாம், முழங்கால் சிராய்க்கிற அளவுக்கு, இரண்டு பேர் பார்க்கிற அளவுக்கு, ஒரே ஒரு முறை. இப்படி ஒரு மனுஷி தன் சிநேகிதிக்குச் சுண்டலில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நினைக்க முடியும். தினமும் காலையில் மழைக்குள் போய் உடைந்தேன், தினமும் மாலையில் பழைய உறைக்கு இறங்கி வந்து அவளுக்காக உட்கார்ந்தேன். "என்னட்டி ஒரே எடத்துல நிக்க," என்றாள் ஒரு நாள். "கை வலிக்கி," என்றேன். உடனே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள், அந்த விரல்களின் லாவகத்தையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

லேசாகத் தூறின நாட்களில் யாரும் துணி காயப்போடவில்லை, அவளுக்கு வேலை வரவில்லை. இருபத்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெருமழை. பூசை முடிந்து வந்தவர்கள் குடையை மடக்காமலே வாசலில் நின்றார்கள், பி பிளாக் மொட்டை மாடியில் தண்ணீர் வடிகிற குழாயில் எதுவோ அடைத்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, மாடிக் கதவு நனைந்து ஊதித் திறக்க மாட்டேன் என்கிறது, நான்காவது மாடியில் பிள்ளை பெற்று வந்திருக்கிற சகாயராணியின் மகள் கட்டிலுக்கு மேலேயே ஒழுகுகிறது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒரே யோசனை வந்தது, அப்படித்தான் வரும். ஏ பிளாக் மொட்டை மாடியிலிருந்து பி பிளாக் மொட்டை மாடிக்குப் பத்து அடி இடைவெளி. அது பிரகாசிக்கு ஒரு மிதி.

நானும் குடையோடு ஏறினேன். நான்கு மாடியும் ஏறுகிற வரையில் நான் சொல்லப்போவதில்லை என்றுதான் ஏறினேன், பார்ப்பதற்காகத்தான் ஏறினேன், இதை இங்கே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று சேலையைச் செருகினாள். அது சொட்டச் சொட்ட நனைந்து அவள் காலோடு ஒட்டியிருந்தது. கீழே நாற்பது அடி. அவள் வாயைத் திறந்து, எதிர்ப் பிளாக்கைப் பார்த்து, சத்தம் கொடுக்க மூச்சை இழுத்தாள். அப்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. நான்கு வருஷத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் முறை கேட்ட டப் என்கிற சத்தம், ஆனால் அதன் பிறகு புதுக் கலயம் வரவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன், வரவில்லை.

"போகாதட்டி," என்றேன்.

அவள் திரும்பினாள். "ஏம்?"

"மழையில ரெண்டாவது குதி வராது."

"யாரு சொன்னா?"

"ஏழாவது உறையில மழ பெய்யுது. நான் பாத்தேன்."

"எப்பப் பாத்த?"

நேற்று என்கிற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் முப்பத்திரண்டு வீடும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள், மழை அவள் கண்ணுக்குள் விழுந்தது, அவள் இமைக்கவில்லை.

"சரஸ்வதி பூச அன்னைக்கு," என்றேன்.

குடைகளின் மேல் மழை பேசியது. பிரகாசி சுவரிலிருந்து இறங்கினாள், தேங்கின தண்ணீரில் நின்றாள், நின்ற இடத்திலேயே குதித்தாள். ஒரு சாண் எழும்பினாள், வலது காலால் காற்றை மிதித்தாள், காற்று விலகிக்கொண்டது, இரண்டு காலும் சளக் என்று தண்ணீரில் விழுந்தன. மறுபடி குதித்தாள். சளக். எல்லோரும் அந்தச் சாண் உயரத்தையும் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார் ஞானதுரை. பிறகு கீழே போய்ச் சார்லஸ் வீட்டுக் கடப்பாரையை வாங்கி, பி பிளாக் மாடிக் கதவைப் பத்தே நிமிஷத்தில் நெம்பித் திறந்துவிட்டார்கள், அடைப்பில் இருந்தது யாருடைய தலையணை உறையோ.

அந்த வாரம் மளிகைக் கடையிலும், படிக்கட்டிலும், தண்ணீர் லாரியிடமும் எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்தையே என்னிடம் சொன்னார்கள், முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று, கோபமில்லாமல், சாப்பிட்டாச்சா என்பது போல. அறிவிப்புப் பலகையில் மழை நாட்களில் ஏற்றம் இல்லை என்று ஒரு வரி கூடியது. எனக்கு எதிர் வீட்டுக் கதவு மூன்று நாள் திறந்து மூடினது, என் கதவுப் பக்கம் நடை வரவில்லை. ஐந்து மணி ஒவ்வொரு நாளும் வந்துகொண்டுதான் இருந்தது.

நான்காம் நாள் வந்தாள். கட்டிலில் உட்காராமல் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எம்மேல என்னட்டி கோவம் ஒனக்கு?"

"கோவம் இல்ல."

"பின்ன?"

"நாலு வருசம் நான் ஒடைச்சேன். குதி ஒனக்கு வந்துட்டு."

"நான் கேட்டா வாங்குனேன்?"

"அதான்."

அவள் ஜாய்ஸ்டிக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் விழுந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"அழுதிருப்பேன்."

"நெசமாவா?"

"நெசமா."

"அதாண்டி பயமா இருக்கு," என்றாள். எழுபத்தொரு வயதில் அவள் குரலில் முதல்முறையாகக் கேட்பதற்கு எனக்கு ஒன்று கிடைத்தது, அது கிடைக்காமலே இருந்திருக்கலாம். பிறகு, "அந்த மழையக் காட்டு," என்றாள்.

காட்டினேன். கட்டிலில் நான் உட்கார்ந்தேன், பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டில் அவ்வளவு தாழ்வானது என்று எனக்குத் தெரியாது. அவள் உடைத்தாள். பத்து, இருபது, முப்பது. ஒவ்வொரு டப்புக்கும் எனக்குள் ஏதோ ஒன்று இனித்தது, சொன்னால் நம்புவீர்களா, அத்தனைக்குப் பிறகும் இனித்தது. முப்பத்தெட்டாவது கலயத்தில் அவள் நின்றாள். "எந்தப் பொம்பளையாவது மழத்தண்ணியோட பானையத் தூக்கிட்டு ஓடுவாளாட்டி, கவுத்திட்டுல்லா ஓடணும்," என்று கீழ்ப்பொத்தானை அழுத்தினாள். கலயம் தலைகுனிந்தது, தண்ணீர் முழுவதும் கொட்டியது, நிமிர்ந்து குதித்தது, அந்தரத்தை மிதித்தது, ஏறியது. குதிக்கு ஒரு முறை குனிந்து கொட்டி, குனிந்து கொட்டி, அவள் ஏழாவது உறையைத் தாண்டினாள். இருபத்து மூன்று நாளில் நான் அந்தக் கீழ்ப்பொத்தானைத் தொட்டதே இல்லை. மேலே ஏறுகிற விளையாட்டில் கீழே என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

எட்டாவது உறையின் விளக்கை ஏற்றிவிட்டு அவள் ஜாய்ஸ்டிக்கை மேசை மேல் வைத்தாள். "இதுக்கு மேல என்ன இருக்குன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீதான் முன்ன போகணும், எனக்கு வேற ஆளு இல்ல. பாத்த ஒடனே வந்து சொல்லணும். சொல்லலன்னா நான் காலத் தூக்க மாட்டேன்," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தூறலில் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டி ஒட்டப் பிழிந்துவிட்டுக் கீழே நின்று குதித்துப் பார்த்தாள், காற்று அவளை ஏற்றுக்கொண்டது. சேலையைப் பிழிந்த பிறகு ஏறலாம் என்று ஞானதுரை பலகையைத் திருத்தினார்.

எட்டாவது உறையில் காற்று அடிக்கிறது. மார்கழி பிறந்து இரண்டாம் நாள் காலை, கீழ்ப்படிகளை எல்லாம் தாண்டி உறையின் பாதிக்கு ஏறினபோது அது வந்தது, கலயம் அந்தரத்தில் இரண்டாவது மிதி வைக்கிற சரியான கணத்தில், ஒரு பக்கத்திலிருந்து, தள்ளி எதிர்ச் சுவரில் மோதி உடைத்தது. அறுபது கலயம் உடைத்துப் பார்த்துவிட்டேன், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான். அன்று பத்து மணிக்கு பி பிளாக் உச்சியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

வாயில் பற்பசை நுரையோடு திறந்தாள். ஸ்டார் அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது.

"எட்டாவதுல காத்துட்டி," என்றேன். "ரெண்டாவது மிதியில வந்து தள்ளுது."

அவள் படகுக்காரர் மகள், காற்று என்றால் திசை கேட்காமல் விட மாட்டாள். "வாடையா, கொண்டலா?"

"டிவியில எப்படிட்டி வாடையும் கொண்டலும். வலதா இடதான்னு கேளு."

"சரி, வலதா, இடதா?"

இரண்டு சொல்லுக்கும் ஒரே அளவு, வாய்க்கு இரண்டும் ஒரே சுலபம். வெளியே கடல் பக்கத்திலிருந்து காற்று தொடங்கியிருந்தது, படிக்கட்டு ஜன்னல் மெல்ல அடித்துக்கொண்டது. ஒரு மூச்சு நேரம் நான் பேசாமல் நின்றேன், அந்த ஒரு மூச்சை அவளும் கேட்டாள்.

"வலது," என்றேன். அது உண்மை.

அவள் உடனே தலையாட்டவில்லை. நுரை உதட்டோரம் வழிய, கையில் பிரஷ்ஷோடு, என் முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், நிதானமாக, ஏறி நிற்கப்போகிற கல் ஆடுமா என்று பார்க்கிறவள் போல. இனி எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு உள்ளே போய் வாய் கொப்பளித்துவிட்டு, ஸ்டாரை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் படியேறினாள்.